விரல்நுனியில் ஒரு திரை

எழுத்து என்றால் கண்ணால் காண்பது என்றே பலரும் எண்ணுகின்றனர். பார்வையற்றோருக்கோ எழுத்து என்பது விரல்நுனியால் தொட்டு அறியும் புள்ளிகளின் வரிசையாகும். பிரான்சு நாட்டில் 1809ஆம் ஆண்டு பிறந்த லூயி பிரெயில், சிறு வயதில் தந்தையின் பட்டறையில் நேர்ந்த விபத்தால் பார்வையை இழந்தார். பதின்ம வயதிலேயே புள்ளி எழுத்து முறை ஒன்றை உருவாக்கிய அவர், 1829ஆம் ஆண்டில் அதனை நூலாக வெளியிட்டார். ஒரு கட்டத்தில் ஆறு புள்ளிகள். அவற்றுள் எவை மேலெழுகின்றன என்பதைப் பொறுத்து 63 வடிவங்கள் பிறக்கும். அவ்வடிவங்களே உலக மொழிகள் பலவற்றிற்கும் எழுத்துகளாயின.

தமிழும் அவற்றுள் ஒன்று. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. தமிழ்ப் பிரெயில் அம்முறையைச் சேர்ந்தது. இதில் எழுத்துகள் ஒலிக்கும் வரிசையிலேயே அமையும். அச்சில் ‘கெ’ என்னும் எழுத்திற்குக் கொம்பு முன்னே வரும். பிரெயிலில் ‘க’ முதலிலும் ‘எ’ அடுத்தும் வரும். மெய்யெழுத்தின் புள்ளியோ எழுத்திற்கு முன்னால் ஒரு தனிக் கட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால், அச்சில் ஆறு எழுத்துகளே கொண்ட ‘கோலாலம்பூர்’ என்னும் சொல் பிரெயிலில் 11 கட்டங்களுக்கு நீளும்.

கட்டங்கள் பெருகப் பெருகத் தாளும் பெருகும். மேலும், பிரெயில் தாள் தடிப்பானது. சாதாரண பாடநூல் ஒன்று பிரெயிலில் பல தொகுதிகளாகப் பிரிந்துவிடும். அவற்றைப் பள்ளிப் பையில் சுமந்து செல்வது எளிதன்று. திறன்பேசி வந்த பிறகு இச்சுமை குறைந்தது. திரையில் உள்ளவற்றை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் இன்று திறன்பேசியிலேயே கிடைக்கிறது. ஐபோனில் அதன் பெயர் வாய்ஸ்ஓவர். ஆண்ட்ராய்டு திறன்பேசிகள் பலவற்றில் டாக்பேக்.

திறன்பேசியே படித்துக் காட்டும்போது பிரெயில் எதற்கு எனச் சிலர் கேட்கலாம். கேட்பது வேறு, படிப்பது வேறு. ‘மனம்’, ‘மணம்’ ஆகிய சொற்களைத் திறன்பேசியின் குரல் விரைவாகச் சொல்லிச் செல்லும்போது செவி தடுமாறக்கூடும். ‘அரை’, ‘அறை’ ஆகியவையும் அப்படித்தான். எழுத்தைத் தொட்டறியாமல் கேட்டு மட்டுமே வளரும் மாணவர், சொற்களின் பொருளை அறிவார். அவற்றைப் பிழையின்றி எழுத அறியார். பிரெயிலில் இக்குழப்பம் இல்லை. ‘ல’ என்பதற்கு இடப்பக்கத்து மூன்று புள்ளிகள்; ‘ள’ என்பதற்கு வலப்பக்கத்து மூன்று புள்ளிகள். விரல் வைத்ததும் வேறுபாடு விளங்கிவிடும்.

குரலின் வேகத்தையும் பிரெயிலின் துல்லியத்தையும் இணைக்கும் கருவியே கையடக்கப் பிரெயில் திரை. பெயர் திரை என்றாலும் இதில் ஒளி இல்லை. கையில் அடங்கும் இக்கருவியின் மேல், ஒரே வரிசையில் 14 முதல் 20 வரையிலான கட்டங்கள் இருக்கும். பெரிய கருவிகளில் 40 அல்லது 80 கட்டங்களும் உண்டு. பெரும்பாலும் ஒவ்வொரு கட்டத்திலும் எட்டு நுண்ணிய ஊசிகள் அமைந்திருக்கும். கீழே உள்ள இரண்டு ஊசிகள், எழுதும்போது சுட்டி எங்கே நிற்கிறது என்பதைக் காட்டப் பயன்படுகின்றன.

ஊசிகள் எவ்வாறு எழுகின்றன? மின்சாரம் பாய்ந்தால் வளையும் தன்மை சில பொருள்களுக்கு உண்டு. அத்தகைய பொருளால் ஆன மெல்லிய பட்டை ஒன்று ஒவ்வோர் ஊசியின் கீழும் உள்ளது. பட்டை வளையும்போது ஊசி மேலெழும், நிமிரும்போது கீழிறங்கும். ஒரு வரியைப் படித்து முடித்து விசையை அழுத்தினால் பழைய புள்ளிகள் மறைந்து அடுத்த வரி தோன்றும். 20 கட்டங்கள் கொண்ட கருவியில் இத்தகைய பட்டைகள் 160 வேண்டும். இந்த நுட்பமான அமைப்பே இக்கருவியின் விலை உயர்ந்திருப்பதற்கு முக்கியக் காரணம்.

இக்கருவியைப் புளூடூத் வழி திறன்பேசியுடன் இணைக்கலாம். இணைத்தவுடன் பிரெயில் அமைப்பில் மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே புள்ளி வடிவம் மொழிக்கு மொழி வெவ்வேறு எழுத்தைக் குறிப்பதால், மொழி மாறினால் வாசிப்பும் மாறிவிடும். அதன்பின் திறன்பேசியைச் சட்டைப்பையிலிருந்து எடுக்க வேண்டிய தேவையே இல்லை. கருவியில் உள்ள விசைகளால் எழுதலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம். வாய்ஸ்ஓவரில் இடைவெளி விசையுடன் நான்காம் புள்ளியை அழுத்தினால் அடுத்த பகுதிக்குச் செல்லலாம். முதலாம் புள்ளியை அழுத்தினால் முந்தைய பகுதிக்குத் திரும்பலாம். பல கருவிகளில், கட்டத்தின் மேலுள்ள சிறு பொத்தானை அழுத்தியதும் சுட்டி அவ்வெழுத்திற்கே வந்து நிற்கும். பிழையைத் திருத்த இது பெரிதும் உதவும்.

இரைச்சல் மிகுந்த இரயிலில் திறன்பேசியின் குரல் கேட்காது. அமைதியான வகுப்பறையில் அக்குரல் பிறருக்கு இடையூறாகும். வங்கிக் கணக்கு விவரத்தை அனைவரும் கேட்கும்படி படிக்கவும் இயலாது. இவ்விடங்களில் குரலை நிறுத்திவிட்டு விரலால் படிக்கலாம். மேடையில் பேசும் மாணவர், குறிப்பைத் தொட்டுப் படித்தவாறே பேசலாம். பார்வையும் செவிப்புலனும் அற்றவர்களுக்கோ குரலால் பயனில்லை. அவர்கள் பிறர் துணையின்றி ஒரு செய்தியைப் படிக்கவும் மறுமொழி எழுதவும் இக்கருவி வழி செய்கிறது.

கருவி மட்டும் இருந்தால் போதாது. பிரெயில் தெரிந்திருக்க வேண்டும். கோலாலம்பூர், பிரிக்பீல்ட்சில் உள்ள மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. இத்தகைய அமைப்புகள் பார்வையற்றோருக்குப் பயிற்சி அளித்து வருகின்றன. எனினும், ஆயிரக்கணக்கான ரிங்கிட் விலையுள்ள இக்கருவியை எல்லாக் குடும்பங்களாலும் வாங்க இயலாது. வசதி உள்ளவருக்கு மட்டுமே எழுத்து என்னும் நிலை ஏற்படாமல் காப்பது சமுதாயத்தின் கடமையாகும்.

உடன் பயிலும் மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. பிரெயில் திரையில் எழுத்து மட்டுமே தோன்றும், படம் தோன்றாது. வெண்பலகையில் உள்ள வீட்டுப்பாடத்தைப் படம் பிடித்து வகுப்புக் குழுவில் பகிர்ந்தால், பார்வையற்ற மாணவரின் விரலுக்குப் ‘படம்’ என்னும் ஒரு சொல் மட்டுமே எட்டக்கூடும். சில செயலிகள் படத்திலுள்ள எழுத்தைப் பிரித்தெடுக்க முயலும். ஆனால், கையெழுத்தில் அவை அடிக்கடி தடுமாறும். அந்த வீட்டுப்பாடத்தையே நான்கு வரிகளில் தட்டச்சு செய்து அனுப்பினால் அவரும் மற்றவர்களோடு அதே நொடியில் படித்துவிடுவார். அதற்குப் பணம் தேவையில்லை. ஒரு நிமிடம் போதும்.