ஆக்ஸலாட்டல் சாப்பிட்ட பிறகு தொட்டியைப் பார்த்துக்கொள்ள

மெக்சிகோவின் சோச்சிமில்கோ கால்வாய்களில் பிறந்த உயிர் ஆக்ஸலாட்டல். 16 முதல் 18 டிகிரி தண்ணீர்தான் அதற்குச் சுகம். சென்னையை அடுத்த எங்கள் பொத்தேரியிலோ மே மாதம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும். சூட்டில் மிச்ச இரை சீக்கிரம் அழுகும். அதில் உண்டாகும் அமோனியாவும் சூடேறிய தண்ணீரில் கடுமையாகத் தாக்கும். அதனால் இரை போட்ட கையோடு சுத்தம் செய்வதுதான் முக்கியம்.

1. வளர்ந்ததற்கு வாரம் இரண்டு, மூன்று வேளை போதும். மண்புழுவை அலசி, இடுக்கியில் பிடித்து வாயருகே ஆட்டுங்கள். தண்ணீரோடு சேர்த்து ஒரே இழுப்பில் உறிஞ்சிக்கொள்ளும். தரையில் சிதறாது.

2. இருபது நிமிடம் கழித்து மூலைகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். முகத்தில் அடிக்காதீர்கள், பாவம், அதற்கு இமை கிடையாது. எங்கள் வீட்டில் ஒருமுறை தொட்டிக்குள் வைத்த மண்சட்டிக்குப் பின்னால் ஒரு புழுத்துண்டு தங்கிவிட்டது. மறுநாள் காலையில் அதன்மேல் வெள்ளைப் பஞ்சு பூத்திருந்தது. ஆக்ஸலாட்டலின் செவுள்கள் முன்பக்கமாக வளைந்து கிடந்தன. தண்ணீரை மாற்றிய பிறகுதான் நிமிர்ந்தன. அன்றிலிருந்து சட்டியைத் தூக்கிப் பார்க்காமல் நான் படுப்பதில்லை.

3. மிச்சத்தை எடுக்க மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 50 மில்லி சிரிஞ்சு போதும். ஊசி வேண்டாம், முனையில் ஒரு முழம் ஏர் டியூப் செருகிக்கொள்ளுங்கள். அடுத்த நாள் எச்சத்தையும் இதிலேயே உறிஞ்சி எடுத்துவிடலாம்.

4. அடியில் கூழாங்கல் போடாதீர்கள். இரையோடு விழுங்கிவிடும்; இடுக்கில் அழுக்கும் தங்கும். வெறும் கண்ணாடித் தரையே நல்லது.

5. ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் குழாயடியில் கழுவ வேண்டாம். அமோனியாவைத் தின்று தீர்க்கும் நல்ல பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. தொட்டியிலிருந்து இறைத்த தண்ணீரிலேயே பிழிந்தெடுங்கள்.

6. கரண்ட் போய்விட்டால் ஃபில்டர் ஓடாது, அன்று இரையே வேண்டாம். ஒரு நாள் பட்டினி தாங்கும்.

7. வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குளோரின் கலந்த தண்ணீரென்றால் ஆன்டி குளோரின் சொட்டு கட்டாயம். ஆர்.ஓ. கேன் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், அதில் தாதுச்சத்து மிகக் குறைவு. வெயில் நாளில் மூடியை எடுத்து வலை போட்டு, சின்ன ஃபேனைத் தண்ணீர்மேல் வீசவிட்டால் கொஞ்சம் குளிரும். சென்னை வெயிலுக்கு அது மட்டும் போதாது; சில்லர் வாங்க முடிந்தவர்கள் வளர்ப்பதே நியாயம்.

8. கையில் சோப்பு, சானிடைசர் வாசனை இருக்கும்போது தொட்டிக்குள் கை விடாதீர்கள். அதன் தோல் எதையும் உறிஞ்சிவிடும்.

9. இறைத்த தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுங்கள், நன்றாகத் துளிர்க்கும். வளர்க்க முடியாமல் போனாலும் உயிரைப் பொத்தேரி ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள். அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிர் இது. அதனால் இந்திய அரசின் 2024 விதிகளின்படி, சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்து, வளர்க்கத் தெரிந்தவர் கையில் ஒப்படையுங்கள்.