நாய்க்கு இத்தாலியச் செல்லப்பெயர்

இத்தாலியர்கள் நீளமான பெயரை வீட்டில் சுருக்கிவிடுவார்கள்: ஜுசெப்பே என்றால் பெப்பே, டொமெனிக்கோ என்றால் மிம்மோ, ஃபிலிப்போ என்றால் பிப்போ. இரண்டே அசை, முடிவில் உயிரொலி. தூரத்திலிருந்து கூப்பிடவும் நாய் பிடித்துக்கொள்ளவும் வசதி. கால்பந்துப் பிரியரா? 1990 உலகக் கோப்பையில் 6 கோல் அடித்த ஸ்கிலாச்சியின் ‘டோட்டோ’ இருக்கிறது. கோல்கீப்பர் புஃபோனின் ‘ஜீஜி’யும் உண்டு. நீனோ அழகுதான், ஆனால் ‘நோ’ என்று அதட்டிப் பழக்குகிற வீட்டில் வேண்டாம்; நாய் குழம்பும். பெட்டை என்றால் மிம்மா, பீனா. ‘சிச்சோ’ என்றால் குண்டன் என்றும் பொருள். பக் நாய்க்கு வைத்தால் கோபித்துக்கொள்ளாது. முடிவு செய்யுமுன் வாசலில் நின்று நாலைந்து தடவை உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். கூச்சமாக இருந்தால் வேறு பெயர் தேடலாம்.