கட்சிப் பெயரும் நாட்டு வழக்கும்

பெயர்ச்சொல்லைக் கற்பிக்கும்போது இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என இருவகை கூறுகின்றோம். பறத்தலாற் பறவை எனப் பெயர் வந்தது. மண், மரம் என்பவற்றுக்கு அத்தகைய காரணம் புலப்படுவதில்லை. அரசியலிற் வழங்கும் பெயர்கள் இவற்றுள் எவ்வகையின? பிறக்கும்போது அவை காரணப் பெயர்களே. கடல் கடந்து வேறொரு நாட்டிற் குடிபுகுந்தபின் பெரும்பாலும் இடுகுறிகளாகி விடுகின்றன. இதனை ஒருசில எடுத்துக்காட்டுகளால் விளக்குவதே நமது நோக்கமாகும்.

இடதுசாரி, வலதுசாரி என்னும் சொற்களை முதலில் நோக்குவோம். 1789ஆம் ஆண்டிற் பிரெஞ்சுத் தேசிய சபையில் அரசனுக்குச் சார்பானோர் தலைவரின் வலப்புறமும், மாற்றம் வேண்டியோர் இடப்புறமும் அமர்ந்தனர். ஆசனத்தின் பெயரே கொள்கையின் பெயராயிற்று. பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்பவருக்குப் பெருங்கடல் இடப்புறம், களப்பு வலப்புறம். திரும்பி வருபவருக்கு இரண்டும் மாறிவிடும். கடலும் களப்பும் இடம்பெயரவில்லை, நோக்குபவரே திரும்பினார். அரசியற் பெயரும் அத்தகையதே.

ஆங்கில நாட்டிற் பத்தொன்பதாம் நூற்றாண்டில் லிபரல் கட்சியும், பழமை பேணும் கன்சர்வேட்டிவ் கட்சியும் எதிரெதிரே நின்றன. அவுஸ்திரேலியாவிலோ மென்சிஸ் என்பார் 1944இல் நிறுவிய லிபரல் கட்சியே தொழிற் கட்சிக்கு எதிராகப் பழமை பேணுவோர் கூடிய அணியாயிற்று. ஜப்பானில் 1955இல் உருவான லிபரல் ஜனநாயகக் கட்சியும் அவ்வழியினதே. ஐக்கிய அமெரிக்காவில் ஒருவரை லிபரல் என்றால், அரசாங்கம் எளியோர்க்குக் கைகொடுக்க வேண்டும் என்பவர் என்று பொருள். ஆகவே ஒரு நாட்டு லிபரல் மற்றொரு நாட்டு லிபரலுக்கு எதிர்வரிசையில் அமரவும் கூடும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்ற தவணைப் பரீட்சையில், 'சமஷ்டி' என்பதன் பொருள் யாதென வினவியிருந்தோம். மாணவனொருவன் 'பிரிவினை' என ஒரே சொல்லில் விடை எழுதியிருந்தான். பிழையெனக் கோடிட எடுத்த பேனா சற்றுத் தயங்கிற்று. அவன் அப்பொருளை அகராதியிற் பெறவில்லை. சிலாபத்துப் பஸ் வண்டியிலும் சந்தையிலும் கேட்ட பேச்சிலிருந்து பெற்றான்.

சமஷ்டி என்னும் வடசொல்லுக்குத் தொகுதி, கூட்டு என்பன பொருள். அதன் எதிர்ச்சொல் வியஷ்டி. அஃதாவது தனித்து நிற்பது. ஆங்கிலத்தில் இதற்கு நேரான 'பெடரல்' என்பதும் உடன்படிக்கை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. அமெரிக்காவில் 1787இல் வரைந்த அரசியலமைப்பை ஆதரித்து, வலிமையான மத்திய அரசு வேண்டுமென்றவர்களே பெடரலிஸ்டுகள் எனப்பட்டனர். அவுஸ்திரேலியாவில் 1901ஆம் ஆண்டு ஆறு குடியேற்ற நாடுகள் ஒன்றானதும் சமஷ்டியினாலேயே. அங்கெல்லாம் அது சேர்க்கும் சொல்.

இங்கும் அது முதலில் அச்சமூட்டும் சொல்லாக இருக்கவில்லை. 1926ஆம் ஆண்டில் இலங்கைக்குச் சமஷ்டி ஆட்சியே பொருத்தமென எடுத்துரைத்தவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க ஆவார். பின்னர் டொனமூர் ஆணைக்குழுவின்முன் அதனைக் கோரியவர்கள் கண்டிச் சிங்களத் தலைவர்கள். 1949இல் தோன்றிய கட்சியோ ஆங்கிலத்திற் பெடரல் கட்சி எனவும், தமிழில் தமிழரசுக் கட்சி எனவும் இரு பெயர் பூண்டது. ஒரு பெயர் கூட்டினைச் சுட்டியது. மற்றது தனியரசோ என்னும் ஐயத்தைச் சிலர் செவியில் எழுப்பியது. 1957இற் செய்யப்பட்ட பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் சமஷ்டியை விடுத்துப் பிரதேச சபைகளையே பேசிற்று. அதுவும் அடுத்த ஆண்டிற் கைவிடப்பட்டது.

இச்சொல் உயர் நீதிமன்றம் வரையும் சென்றது. அக்கட்சியின் யாப்பிற் 'சமஷ்டி' நீங்கி 'இணைப்பாட்சி' புகுந்தமையால், அது தனிநாடு நாடுகின்றது என வழக்கிடப்பட்டது. 2017 ஆகஸ்ட் 4ஆம் திகதி நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்து, சமஷ்டி கோருவது பிரிவினை கோருவதாகாது எனத் தெளிவுபடுத்தியது. இரு தமிழ்ச் சொற்களின் பொருளை நீதியரசர்கள் ஆராய நேர்ந்தமை, தமிழ் கற்பிப்போர் மறக்கத்தக்கதன்று.

அதே ஆண்டு செப்டெம்பரில் வெளிவந்த அரசியலமைப்பு இடைக்கால அறிக்கை, நாட்டைச் சிங்களத்தில் 'ஏக்கிய ராஜ்ய' எனவும் தமிழில் 'ஒருமித்த நாடு' எனவும் குறிக்க முன்மொழிந்தது. இரண்டும் ஒரே பொருளினவா என்னும் வினா இரு தரப்பிலும் எழுந்தது. பெயரைப் பற்றிய பூசலிற் பொருள் பின்னே தள்ளப்பட்டது.

அம்மாணவனுக்கு நாம் அரைப் புள்ளி வழங்கினோம். நாட்டு வழக்கை அவன் அறிந்திருந்தான். சொல்லின் பொருளை அறிந்திலன். மீதி அரைப் புள்ளியை அவன் பெறச் செய்வது நம் கடன். உடப்பிலும் முன்னேசுவரத்திலும் வாழும் நாம் தமிழும் சிங்களமும் கலந்து ஒலிக்கும் கரையில் இருக்கின்றோம். ஒரே சொல் அயலவர் செவியில் எவ்வாறு விழுகின்றது என்பதை அறியும் வாய்ப்பு நமக்கு எளிதிற் கிட்டுகின்றது.

மாணவர்காள்! ஒருவர் தம்மையோ பிறரையோ ஒரு கட்சிப் பெயராற் சுட்டும்போது, உடனே நட்போ பகையோ கொள்ளாதீர். எந்நாட்டில், எக்காலத்தில், எம்மொழியில் அப்பெயர் வழங்குகின்றது என முதலில் வினவுங்கள். அவர் வேண்டுவது யாதென அடுத்து வினவுங்கள். இவ்விரு வினாக்களும் பொறுமையோடு கேட்கப்பட்டிருப்பின், நம் நாட்டின் சென்ற எழுபது ஆண்டுகளின் துன்பத்தில் ஒரு பகுதியாவது குறைந்திருக்கும் என்பதே நமது துணிபு.