ஜனவரிக் கஞ்சிக்கு மே மாதத்து மூட்டை

மலாவிக் கிராமங்களில் பாலர் பள்ளிக்கு 'சுகுலு யா ம்காகா' என்று பெயர், பால் பள்ளி. பெரியவர்கள் எழுத்துப் படிக்கும் வகுப்பு 'சுகுலு யா க்வாச்சா', விடியல் பள்ளி. பெயர் வைப்பதில் அவர்களை மிஞ்ச முடியாது. ஆனால் சலிமா மாவட்டத்து ஏரிக்கரை ஊர்களில் நான் பார்த்த பால் பள்ளிகள் பல, பாட்டும் கைதட்டலுமாக ஆகஸ்டில் திறந்து ஜனவரியில் மூடிக்கொண்டவை. நான் முதலில் நடத்தியதும் அதில் ஒன்று. ஒரு ஜனவரிக் காலையில் போய்ப் பார்த்தேன். கஞ்சிப் பானை கவிழ்ந்து கிடந்தது, அதன் மேல் ஒரு கோழி. பிள்ளைகள் எங்கே என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டதற்கு, உதட்டைக் குவித்து வயல் பக்கம் காட்டினார்.

அங்கே மழை நவம்பரில் இறங்கும். மக்காச்சோள அறுவடை ஏப்ரலிலும் மே மாதத்திலும். பழைய சோளம் தீர்ந்து புதுக்கதிர் முற்றாத டிசம்பர், ஜனவரி, பிப்ரவரிக்கு ஊரார் சொல்லும் பெயர் 'ன்ஜாலா', அதாவது பசி. அந்த மாதங்களில் வீட்டில் மாவு இருக்காது. அம்மாக்கள் அடுத்தவர் நிலத்தில் 'கன்யு' என்னும் அன்றாடக் கூலிக்குப் போய்விடுவார்கள். பிள்ளைக்குக் கஞ்சியும் ஓர் இடமும் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் பள்ளி மூடிக் கிடக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரையில் பாதி, அந்தக் கஞ்சிக்கான தானிய மூட்டையைப் பற்றித்தான். பாடத்திட்டம் படிக்க வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல்: அனுமதி, இடம்

பள்ளி தொடங்க முதலில் ஊர்த்தலைவரைப் பாருங்கள். தரையில் உட்காரச் சொன்னால் தரையில் உட்காருங்கள். அவர் கூட்டும் கூட்டத்தில் நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கட்டடம் கட்டாதீர்கள். முதல் ஆண்டு மாமரத்தடி போதும். மழைக்கு ஒரு கூரை இரவல் வாங்கிக்கொள்ளலாம். சலிமாவில் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் கலந்து வாழ்கிறார்கள். தேவாலயத்தில் நடத்தினால் ஒரு சாரார் தயங்குவார்கள், மசூதித் திண்ணையில் நடத்தினால் மற்றவர்கள். சோளம் காலியான கிடங்கோ யாருடைய பெரிய தாழ்வாரமோ நல்லது. அடிகுழாய்க்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும். செங்கல் அறுப்பதும் சுடுவதும் ஊராருக்குக் கைவந்த வேலை. இரண்டாம் ஆண்டு அவர்களே தொடங்குவார்கள். தொடங்காவிட்டால் கட்டடம் தேவைப்படவில்லை என்று அர்த்தம்.

மே: மூட்டை

எல்லாரும் சறுக்குவது இங்கேதான். அறுவடை முடிந்த மே மாதத்தில் எல்லா வீட்டிலும் சோளம் இருக்கும்; பசி யாருக்கும் நினைவில் இருக்காது. வெளியிலிருந்து வருபவர் ஜூலையில் வந்து, நன்கொடை மாவோடு ஆகஸ்டில் திறக்கிறார். நன்கொடை தீரும்போது மழை பிடித்துக்கொள்கிறது. நானும் அதைத்தான் செய்தேன்.

கணக்கைப் பாருங்கள். 50 பிள்ளைகள், ஆளுக்கு ஒரு வேளைக்கு 60 கிராம் மாவு என்றால் நாளைக்கு 3 கிலோ. வாரம் 5 நாளுக்கு 15 கிலோ. டிசம்பர் தொடக்கம் முதல் மார்ச் நடுப்பகுதி வரை 15 வாரத்துக்கு 225 கிலோ. கஞ்சிக்கு நான்கு பங்கு மக்காச்சோளம், ஒரு பங்கு சோயா. ஆக 180 கிலோ சோளமும் 45 கிலோ சோயாவும். வண்டுக்கும் எலிக்கும் சேர்த்து 200, 50 என்று வையுங்கள். 50 வீட்டுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு 4 கிலோ சோளம், 1 கிலோ சோயா. மே மாதத்தில் இது யாருக்கும் பாரமில்லை. அதையே டிசம்பரில் கேட்டால் முகத்தில் கதவைச் சாத்துவார்கள்; சாத்தவும் வேண்டும்.

இந்த மூட்டைகள் கட்டி முடியும்வரை பள்ளியைத் திறக்காதீர்கள். இது என் சட்டம். விட்டுக்கொடுத்த ஒவ்வொரு முறையும் வருந்தினேன். ஜூன் முதல் நவம்பர் வரை ஆகும் கஞ்சிக்கு வாரம் ஒரு குவளை மாவு பிள்ளையின் கையிலேயே வரட்டும்.

நிலமில்லாத வீடும், எய்ட்ஸில் பெற்றோரை இழந்த பேரன் பேத்திகளைப் பாட்டி ஒற்றையாக வளர்க்கும் வீடும் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்கு விலக்கு என்று கூட்டத்தில் அறிவித்துவிடாதீர்கள். மறுநாளே அந்தப் பிள்ளைகள் நின்றுவிடும். வாரம் ஒரு கட்டு விறகு என்று அவர்கள் பங்கை மாற்றிப் பதிவேட்டில் எழுதுங்கள். விறகில்லாமல் கஞ்சி வேகாது என்பதால் இதில் தருமக் கணக்கு எதுவும் இல்லை.

சேமிப்புக்கு மூன்றடுக்குக் காற்றுப்புகாப் பைகள் இப்போது கிடைக்கின்றன. உள்ளே காற்று இல்லாமல் வண்டு செத்துவிடும், மருந்துத் தூள் வேண்டாம். பல்லில் கடித்தால் டக்கென்று உடையும் அளவுக்குத் தானியம் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த சோளத்தையும் வேர்க்கடலையையும் கழுவிப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பூஞ்சையின் நஞ்சு கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது.

மூட்டை ஒரு வீட்டில், சாவி வேறு வீட்டில். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததே. தெரியாதது சாவு வீடு. ஊரில் ஒருவர் இறந்தால் எல்லா வேலையும் நிற்கும், வருகிறவர்களுக்குச் சமைக்க ஒவ்வொரு வீடும் மாவு கொடுக்கும். ஜனவரியில் சாவு விழுந்தால் எங்கே போவார்கள்? பள்ளி மூட்டையைத்தான் கேட்பார்கள். கொடுக்க மாட்டேன் என்று அந்த வீட்டு வாசலில் நின்று உங்களால் சொல்ல முடியாது, சாவி வைத்திருக்கும் அம்மாவாலும் முடியாது. முதல் ஆண்டில் மிச்சமிருந்த ஒரே மூட்டை எனக்கு அப்படித்தான் போனது. அதற்குப் பிறகு மே மாதத்திலேயே 'மலிரோ', அதாவது இழவுக்கென்று, தனியாக ஒரு சிறு பையும் கட்டி வைக்கச் சொன்னேன். கேட்டு வருபவருக்கு அதை எடுத்துக் கொடுப்பார்கள். பெரிய மூட்டையைப் பிறகு ஒருவரும் தொடவில்லை.

கஞ்சிக்கு அங்கே 'பாலா' என்று பெயர். சோயாவை நன்றாக வறுத்த பிறகே அரைக்க வேண்டும். பச்சையாக அரைத்தால் கசக்கும், வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளாது. சோளத்தைத் தவிடு நீக்காமல் அரையுங்கள். வெள்ளை மாவுதான் கௌரவம் என்று சமைப்பவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். இறக்கும்போது வேர்க்கடலைப் பொடி ஒரு கை போட்டால் பிள்ளைகள் பானையையே நக்கும்.

ஜூன்: பள்ளி அம்மாக்களைத் தேர்ந்தெடுப்பது

நம் அங்கன்வாடியை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழோடு இருபது வயதுப் பெண் வந்து நின்றால் ஆசையாக இருக்கும். எடுக்காதீர்கள். ஆறே மாதத்தில் தலைநகர் லிலோங்வேக்குப் போய்விடுவாள். போகவும் உரிமை உண்டு. சேவா மக்கள் தாய்வழியினர். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டு ஊருக்கு வருவது அங்கே பழைய வழக்கம். எனவே முப்பத்தைந்து நாற்பது வயதில், தன் தாயின் ஊரிலேயே தோட்டம் வைத்திருக்கும் பெண் எங்கும் போகமாட்டார். அவருக்கு எழுத்து வராவிட்டாலும் பாட்டு வந்தால் போதும். இருவர் வேண்டும் என்றால் நால்வரை எடுத்து முறை வையுங்கள்.

சம்பளம்? மழை விழுந்ததும் களையெடுப்பு தொடங்கும். அந்த நேரத்தில் நம் பள்ளி அம்மா பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தால் அவர் வயலில் புல் மண்டும். டிசம்பரிலும் ஜனவரியிலும் பள்ளிக்குப் பிள்ளை அனுப்பும் ஒவ்வொரு வீடும் அந்த நால்வரின் வயலில் அரை நாள் களையெடுத்துத் தர வேண்டும் என்று ஜூன் கூட்டத்திலேயே தலைவர் வாயால் சொல்ல வையுங்கள். யார் எந்த வாரம் என்பதும் அன்றே எழுதப்பட வேண்டும். ஒருவர் பாக்கெட்டிலிருந்து வரும் ஊக்கத்தொகையைவிட இது உறுதி.

பிள்ளைகளின் காலை

ஏழரைக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முடியுங்கள். பாட்டு, கை கழுவல், கஞ்சி, ஓட்டம், கதை, போதும். மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் நடுவே பென்சில் பிடிக்கச் சொல்லிப் பாடாய்ப் படுத்த வேண்டாம். எண்ணிப் பழகப் பாட்டில் மூடிகள் கொடுங்கள். பீன்ஸ் கொட்டை கொடுக்காதீர்கள், அது மூக்குக்குள் போகும். வாராவாரம் போகும். காய்ச்சலோடு வரும் பிள்ளையை மழைக்காலத்தில் 'பார்க்கலாம்' என்று படுக்க வைக்காமல் அன்றே மலேரியா சோதனைக்கு அனுப்புங்கள்.

ஆங்கிலம் வேண்டும் என்று பெற்றோர் கேட்பார்கள். சண்டை போட்டுப் பயனில்லை. அம்மாக்கள் கொண்டுவந்து விடும் நேரமாகப் பார்த்து ஓர் ஆங்கிலப் பாட்டு உரக்கப் பாட வையுங்கள். மீதி நேரமெல்லாம் சிச்சேவாவில் நிம்மதியாக நடக்கும்.

விடியல் பள்ளி

பெரியவர்களின் இந்த வகுப்பு பகல் இரண்டு மணிக்கு. மதியச் சமையல் முடிந்து, மாலைத் தண்ணீருக்குப் போவதற்கு முன்னால் கிடைக்கும் இடைவெளி அதுதான். வருவது பெண்கள். ஆண்கள் வரவில்லையே என்று கவலைப்பட்டு நேரத்தை மாற்றினால் பெண்களும் போய்விடுவார்கள்.

முதல் நாள் பாடம் வேண்டாம். ஊசியும் நூலும் கொடுத்துக் கோர்க்கச் சொல்லுங்கள். நாற்பது தாண்டியவர்கள் கையை நீட்டி ஊசியைத் தூரத்தில் பிடிப்பார்கள். அவர்களுக்கு மூளை மந்தமில்லை, வெள்ளெழுத்து. ஒன்றிலிருந்து மூன்று பவர் வரை ஆயத்தக் கண்ணாடிகள் ஒரு டஜன் பையில் இருக்கட்டும். ஆறு மாதமாக 'ஒன்றும் ஏறவில்லை' என்று உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, கண்ணாடி போட்டதும் முதலில் பார்த்தது கரும்பலகையை அல்ல, தன் உள்ளங்கையை. வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிச்சேவாவைக் கற்பிப்பது நம்மவருக்கு எளிது, ஏனென்றால் அதுவும் உயிர்மெய்யாகப் பிரியும். உயிர் ஐந்துதான். கல்வியாளர் பாவ்லோ ஃபிரேரே பிரேசிலில் செய்ததுபோல, வாழ்க்கையில் கனமுள்ள ஒரு சொல்லை எடுங்கள். நான் எடுப்பது 'சிமங்கா', மக்காச்சோளம். சி, ம, ங்கா என்று மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஐந்து உயிரும் சேர்த்து வரிசை போடுங்கள். பலகையில் பதினைந்து கட்டம் வரும். இதில் புதுச் சொல் தேடுங்கள் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். கடினமான வேலை இதுதான்; கற்பிப்பவரால் மூன்று நிமிடம் சும்மா இருக்க முடியாது. முதலில் யாராவது 'மங்கா' என்பார், கட்டு என்று பொருள். பிறகு ஒருவர் எழுந்து வந்து இரண்டு கட்டத்தைத் தொட்டு 'மங்கோ' என்பார், மாங்காய்தான். எல்லாரும் தலைக்கு மேலே மரத்தைப் பார்ப்பார்கள்.

ல, ர குழப்பத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். அவர்கள் பேச்சில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. இ, எ ஒலிக்குப் பின்னால் ர என்று எழுதுவது எழுத்து மரபு. அதை மூன்றாம் மாதம் சொல்லிக்கொள்ளலாம்.

கற்பிக்க வரும் இளைஞனுக்கு ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். சிச்சேவாவிலும் நீ, நீங்கள் வேறுபாடு உண்டு, 'இவே', 'இனு'. அவன் பள்ளிக்கூட வாத்தியார் பழக்கத்தில் ஒரு பெரியம்மாவை 'இவே' என்று கூப்பிட்டால் அன்றோடு வகுப்பு முடிந்தது.

பெயர் எழுத வந்ததும் புத்தகத்தை ஓரம் வைத்துவிட்டு அவர்கள் கையில் இருப்பதைப் படியுங்கள். ஒவ்வொருவரும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் உடல்நலப் பதிவுப் புத்தகம், உர மூட்டையின் மேல் எழுத்து, கைப்பேசியில் பணம் வந்த செய்தி. எல்லாவற்றுக்கும் மேலாக 'பேங்கி ம்கொண்டே' கணக்கு. திண்ணை வங்கி என்று பொருள்; நம் மகளிர் குழுச் சேமிப்பு மாதிரி. எழுதத் தெரிந்த ஒருவரே எல்லார் கணக்கையும் எழுதிவந்த குழுவில், தன் பக்கத்தைத் தானே படித்த ஒரு பெண் ஒரு தவணை விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். அடுத்த வாரம் வகுப்புக்கு ஒன்பது பேர் கூடுதலாக வந்தார்கள்.

டிசம்பர்

மழை இறங்கியதும் விடியல் பள்ளியை மூடுங்கள். பசித்த வயிற்றோடு களையெடுத்துவிட்டு வருபவரிடம் எழுத்தைக் காட்டுவது கொடுமை. வருகைப் பதிவு சரிந்துவிடும் என்று திட்ட அலுவலகம் முணுமுணுக்கும், முணுமுணுக்கட்டும். பால் பள்ளியை மட்டும் ஒரு நாளும் மூடாதீர்கள். மே மாதத்து மூட்டையை இப்போது பிரியுங்கள். பிப்ரவரி கடைசியில் பச்சைக்கதிர் சுடும் வாசனை வரத் தொடங்கும். மார்ச் நடுவில் விடியல் பள்ளியை மறுபடி திறக்கலாம்.

அன்று பாதிப் பேர்தான் வருவார்கள். வராதவர் பெயரைக் குறித்துக்கொண்டு, அவரவர் நோட்டையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். முற்றத்து ஓரத்தில் நின்று 'ஓடி' என்று குரல் கொடுக்க வேண்டும். ஓடச் சொல்வதுபோல நம் காதுக்கு ஒலித்தாலும் அங்கே அது வரலாமா என்று கேட்பது. உள்ளேயிருந்து 'ஓடினி' என்று வந்த பிறகு காலெடுத்து வையுங்கள். நோட்டைக் கையில் கொடுத்துவிட்டு, வகுப்பைப் பற்றி எதுவும் பேசாமல், இந்த ஆண்டுக் கதிர் எப்படி என்று கேளுங்கள்.