பருவக் கடையும் இணையத்தளமும்: விலை பேசுவது எப்படி?

ஹட்டன் பஸாரில் ஒரு கடையை வாங்குவதென்றால் நாம் என்ன செய்வோம்? கல்லாவில் நாளொன்றுக்கு எவ்வளவு விழுகிறது என்று கேட்போம். வாடகை, கூலி, லைட் பில் கழித்து மிச்சம் பார்ப்போம். உறுதி யார் பெயரில் இருக்கிறது என்று விசாரிப்போம். பிறகுதான் கீ மணி பேசுவோம். இதே வேலையை இணையத்தளமொன்றுக்குச் செய்ய வேண்டிய நிலை எனக்கு வந்தது. வர்த்தக சகோதரர்களுக்குப் பயன்படலாம் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என் கடைக்கு வழக்கமாக வருபவர். ஒருநாள், "நானா, என்கிட்ட ஒரு வெப்சைட் இருக்கு, வாங்குறீங்களா?" என்றார். விலை 14 இலட்சம் என்றதும் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் கைபேசியில் காட்டியதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

தளத்தின் பொருள் ஒன்றே ஒன்று: சிவனொளிபாதமலை ஏறுவது. நம்மவர் பாவாத மலை என்போமே, அதுதான். நானு ஓயாவுக்கோ எல்லவுக்கோ அதில் இடமில்லை. ஹட்டனில் இறங்கி மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போவது எப்படி, எத்தனை மணிக்கு ஏறினால் சூரிய உதயத்தைப் பிடிக்கலாம், மேலே குளிர் எப்படி, எங்கே தங்கலாம் என்று ஏறத்தாழ நாற்பது பக்கங்கள், ஆங்கிலத்தில். கூகுளில் தேடும் வெள்ளைக்காரர்கள் அங்கே வருகிறார்கள். கூகுள் அட்சென்ஸ் விளம்பரத்திலும், தங்குமிடம் பதிவுசெய்தால் கிடைக்கும் கொமிஷனிலும் பணம் வருகிறது. எல்லாச் சாமானும் விற்கும் கடையை விட, பூட்டு மட்டும் விற்கும் கடைக்குப் பூட்டுத் தேடுபவன் நேரே வருவான் அல்லவா? சிறு தளத்தின் இரகசியம் அவ்வளவுதான்.

சரி, 14 இலட்சம் எப்படி வந்தது? ஜனவரி மாதம் 70,000 ரூபா வந்திருக்கிறது. அதை 20ஆல் பெருக்கியிருக்கிறார். இருபது என்பதை அவர் கனவில் காணவில்லை. சிறு தளங்களை மாத இலாபத்தின் மடங்காக விற்பது உலக வழக்கம். 2010களின் தொடக்கத்தில் ஜஸ்டின் குக், ஜோ மக்னொட்டி என்ற இரு அமெரிக்கர்கள் பிலிப்பைன்ஸிலிருந்து இப்படிச் சிறு தளங்களைக் கட்டி விற்றார்கள். அவர்களுடைய கணக்கும் ஏறத்தாழ 20 மாத வருமானம்தான். பிற்காலத்தில் நல்ல தளங்கள் 30, 40 மாத இலாபத்துக்கும் போயின.

பிழை மடங்கில் இல்லை, மாதத்தில் இருக்கிறது. மலைப் பருவம் டிசம்பர் போயாவில் தொடங்கி மே வெசாக்குடன் முடிகிறது. பன்னிரண்டு மாதக் கணக்கையும் எழுதித் தரச் சொன்னேன். டிசம்பர் 35,000, ஜனவரி 70,000, பெப்ரவரி 65,000, மார்ச் 50,000, ஏப்ரல் 35,000, மே 15,000. மழைக்கால ஆறு மாதமும் மாதம் 5,000. மொத்தம் 3 இலட்சம். ஹோஸ்டிங், டொமைன் முதலியவற்றுக்கு வருடம் 24,000. தம்பி தன் உழைப்புக்கு எதுவும் போடவில்லை. பஸ் நேரம் மாறினால் திருத்துவது, புதிய படம் எடுப்பது எல்லாம் யார் செய்வது? நான் வாங்கினால் ஆள் வைத்துத்தான் செய்ய வேண்டும். அதற்கு மாதம் 3,000 வீதம் 36,000 போட்டேன். மிச்சம் 2,40,000, அதாவது மாதம் 20,000. இருபதால் பெருக்கினால் 4 இலட்சம்.

தம்பியின் முகம் வாடிவிட்டது. தகப்பனாரின் கடனை அடைத்துவிட்டுக் கட்டார் போவதற்காகக் கேட்ட பணம் அது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த 4 இலட்சத்துக்கும் உத்தரவாதம் இல்லை. சுற்றுலாவை நம்பிய வியாபாரம் இது. 2018இல் நாட்டுக்கு 23 இலட்சத்துக்கு அதிகமான பயணிகள் வந்தார்கள், 2021இல் 2 இலட்சம் கூட வரவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகப் புகையிரதப் பாதையைச் சிதைத்ததை நாம் கண்ணால் கண்டோம். கூகுளும் தன் விதியை மாற்றும். 2023 செப்டெம்பரில் செய்த மாற்றத்தில் பல சிறு தளங்களின் வாசகர் வரவு திடீரென விழுந்தது. கொமிஷனும் அப்படியே. அமேசன் 2020 ஏப்ரலில் மளிகைப் பொருட்களுக்கான கொமிஷனை 5 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைத்தது. நம் தேயிலையைப் பற்றித் தளம் நடத்தி அந்தக் கொமிஷனை நம்பியிருந்தவருக்கு, அதே விற்பனையில் ஐந்து ரூபா ஒரு ரூபாவானது. ஒரே மொத்த வியாபாரியிடம் மட்டும் சரக்கு எடுப்பவருக்கு இந்தப் பயம் புரியும்.

கடைசியாக உறுதியைக் கேட்டேன். "உறுதியா?" என்று விழித்தார். டொமைன் யார் பெயரில் என்று பார்த்தால், தளத்தை முதலில் அமைத்துக் கொடுத்த கடைக்காரர் பெயரில் இருக்கிறது! அட்சென்ஸ் கணக்கோ கொழும்பிலுள்ள மாமா பெயரில். ஏன் என்று கேட்டேன். வருமானம் 10 டொலரைத் தொட்டதும் முகவரியை உறுதிசெய்ய கூகுள் தபாலில் ஓர் இரகசிய இலக்கம் அனுப்பும். நான்கு மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். லயத்து முகவரிக்கு அந்தக் கடிதம் வரவே இல்லையாம். தோட்டத்து மக்களின் கடிதங்கள் எங்கெங்கோ தேங்கிக் கிடக்கும் கதை நமக்குப் புதிதல்ல. உழைப்பு முழுவதும் இவருடையது, எழுத்தில் இவருக்கென்று எதுவும் இல்லை. அட்சென்ஸ் கணக்கை இன்னொருவருக்கு மாற்றவும் முடியாது. வாங்குபவர் தன் கணக்கைத்தான் தளத்தில் போட வேண்டும். ஆகவே விற்பனைக்கு உரியது டொமைனும் பக்கங்களும் மட்டுமே. அந்த டொமைனையும் விற்க இவருக்கு உரிமை இல்லை.

"தம்பி, இந்த நிலையில் 4 இலட்சம் இல்லை, நான்காயிரமும் தர மாட்டேன். முதலில் உன் பெயருக்கு எடு" என்றேன். டொமைனை மாற்றிக்கொள்ள இரண்டு மாதம் அலைந்தார், கொஞ்சம் பணமும் கொடுக்க வேண்டி வந்தது. தன் பெயரில் புதிய அட்சென்ஸ் கணக்கு தொடங்கி, கடிதம் வருவதற்கு என் கடை முகவரியைக் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்துத் தபால்காரர் அந்தச் சிறிய உறையைக் கடை மேசையில் வைத்தார். அன்று மாலை தம்பி வந்து பிரித்துப் பார்த்தார். பிறகு, "நானா, ஒரு சீசன் பார்த்துட்டு விக்கிறேனே" என்றார். கடனுக்குத் தவணை கேட்கத் தகப்பனாருடன் அடுத்த வாரம் நானும் போகிறேன்.