சுமைச் சைக்கிளும் பற்றரியும்: பாதுகாப்பாகப் பாவிப்பதற்கு ஒரு பாடம்

விவசாயக் குடும்பங்களுக்குச் சைக்கிள் என்பது வெறும் வாகனம் அல்ல. 1990 ஆம் ஆண்டின் பின்னர் வடபகுதிக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் விறகும், நெல்லும், நோயாளிகளும் சைக்கிளிலேயே கொண்டு செல்லப்பட்டனர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது பல குடும்பங்களின் வீட்டுச் சாமான்கள் சைக்கிள் கரியரில் ஏறிப் போயின. 2022 இல் பெற்றோலுக்கும் டீசலுக்கும் நாடெங்கும் மக்கள் வரிசையில் நின்றபோது சைக்கிளின் அருமையை மீண்டும் உணர்ந்தோம்.

இன்று பற்றரியும் மோட்டரும் பூட்டிய சைக்கிள்கள் பாவனைக்கு வந்துள்ளன. மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டு போகவும், தண்ணீர்க் கான் ஏற்றவும், உரமும் விதையும் கொண்டு வரவும் இவை உதவும். 48 வோல்ற், 12 அம்பியர் மணி பற்றரி ஒன்றை முழுமையாகச் சார்ஜ் செய்ய ஏறத்தாழ அரை அலகு மின்சாரத்திற்குச் சற்றுக் கூடுதலாகவே செலவாகும். செலவு குறைவு என்பது உண்மை. ஆனால் இத்தகைய சைக்கிளில் இரண்டு ஆபத்துகள் உண்டு: ஒன்று, சுமையோடு ஓடும் சைக்கிளை நிறுத்த முடியாமற் போவது, மற்றது, பற்றரி தீப்பற்றுவது. இவ்விரண்டையும் தவிர்க்கும் வழிகளை இப்பாடத்தில் கற்போம்.

சுமை என்ன செய்கிறது?

ஒருவரின் நிறை 60 கிலோ, பற்றரிச் சைக்கிளின் நிறை 40 கிலோ எனக் கொள்வோம். மொத்தம் 100 கிலோ. 50 கிலோ உர மூடைகள் இரண்டை ஏற்றினால் மொத்தம் 200 கிலோ ஆகிவிடும். அதே வேகத்தில், அதே பலத்துடன் பிறேக் பிடித்தால் சைக்கிள் நிற்பதற்கு இரண்டு மடங்கு தூரம் வேண்டும். வேகமும் இரண்டு மடங்கானால் அத்தூரம் நான்கு மடங்காகும். மோட்டர் இருப்பதால் சுமையின் பாரம் எமது காலுக்குத் தெரிவதில்லை. ஆனால் பிறேக்கிற்கும், சில்லுக் கம்பிகளுக்கும், ரயருக்கும் அது தெரியும். ஆகவே சுமை ஏற்றியதும் வேகத்தைக் குறைப்பதே முதலாவது பராமரிப்பு.

கரியருக்கும் ஓர் அளவு உண்டு. சாதாரண சைக்கிள் கரியர்கள் பலவற்றில் 25 கிலோ என்று பொறிக்கப்பட்டிருக்கும். மூடை ஏற்றுவதாயின் அதற்கென உறுதியாகச் செய்த கரியரும், தடித்த கம்பியுள்ள சில்லும் அவசியம்.

புறப்படுமுன் ஒவ்வொரு நாளும்

பின்வருவனவற்றைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

1. காற்று: ரயரின் பக்கத்தில் பி.எஸ்.ஐ. என்ற எழுத்துக்களுடன் ஓர் எண் இருக்கும். அதுவே அந்த ரயர் தாங்கும் கூடிய காற்றின் அளவு. சுமை ஏற்றும் நாளில் அதற்குக் கிட்டவாகக் காற்று இருக்கட்டும். அதனைத் தாண்ட வேண்டாம். காற்றுக் குறைந்த ரயர் கிறவல் வீதியில் றிம்மோடு அடிபட்டு ரியூபை வெட்டிவிடும்.

2. பிறேக்: இரண்டு பிறேக்கையும் தனித்தனியாகப் பிடித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிப் பாருங்கள். சில்லு உருளக் கூடாது. பிறேக் கைபிடி ஹான்டிலைத் தொடும் அளவிற்கு வந்தால் கேபிளை இறுக்க வேண்டும்.

3. மோட்டர் நிற்கிறதா: பல பற்றரிச் சைக்கிள்களில் பிறேக் பிடித்தவுடன் மோட்டருக்கு மின் போவது நின்றுவிடும். மோட்டர் உள்ள சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி, மெதுவாகச் சுழலவிட்டு, பிறேக்கைத் தொட்டுப் பாருங்கள். மோட்டர் தொடர்ந்து இழுத்தால் அந்தச் சைக்கிளை அன்று சுமையேற்றப் பாவிக்க வேண்டாம். பிறேக் ஒரு பக்கமும் மோட்டர் மறுபக்கமும் போராடும்.

4. வெளிச்சம்: பின்னால் உள்ள சிவப்பு விளக்கை மூடை மறைத்துவிடும். இருட்டில் போவதானால் சிவப்பு ஒளிதெறிப்பான் ஒன்றை மூடையின் பின்புறத்திலேயே கட்டுங்கள். பெரிய வாகனங்கள் ஓடும் வீதியில் இது உயிரைக் காக்கும்.

சுமை கட்டும் முறை

பாரமானதைக் கீழேயும் இலேசானதை மேலேயும் வையுங்கள். இரு பக்கமும் நிறை சமமாக இருக்கட்டும். பின் அச்சுக்குப் பின்னால் பாரம் தள்ளி நின்றால் முன்சில்லு இலேசாகி ஹான்டில் ஆடும். பழைய ரியூபை நீளமாக வெட்டி எடுத்த பட்டி கட்டுவதற்கு நல்லது. ஆனால் அதன் நுனி தொங்கினால் சில்லில் சுற்றிக்கொள்ளும். நுனிகளை உள்ளே செருகிவிடுங்கள். மூடையின் மேல் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்.

வாரத்தில் ஒரு நாள்

சில்லுக் கம்பிகள்: சில்லைச் சுழற்றி, கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து விரல்களால் அழுத்திப் பாருங்கள். மற்றவற்றைவிடத் தளர்ந்த கம்பி இருந்தால் சைக்கிள் கடையில் இறுக்குவியுங்கள். தளர்ந்த கம்பியே பெரும்பாலும் முறிகிறது. ஒன்று முறிந்தால் அதன் பாரம் பக்கத்துக் கம்பிகளில் விழும். சில்லின் நடுவில் மோட்டர் உள்ள சைக்கிளில், புதிதாகப் பாவிக்கத் தொடங்கிய முதற் கிழமைகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அச்சு நட்டு: இத்தகைய மோட்டர் சுழலும்போது அதன் அச்சு எதிர்ப்பக்கமாகத் திரும்பப் பார்க்கும். நட்டு தளர்ந்தால் அச்சு சுழன்று, வயரை அறுத்து, சில்லே கழன்று வரலாம். ஸ்பனரால் இரு பக்கமும் இறுக்கிப் பாருங்கள். அச்சைத் திரும்பவிடாமற் பிடித்திருக்கும் இரும்புத் துண்டு இருந்தால், அதன் போல்ற்றையும் பாருங்கள்.

பிறேக் கட்டை: கட்டையிலுள்ள தவாளிப்புத் தேய்ந்து மறைந்துவிட்டால் புதியது போட வேண்டும். கட்டை றிம்மில் மட்டுமே படவேண்டும். ரயரில் பட்டால் ரயர் வெட்டுண்டுவிடும். தட்டுப் பிறேக் உள்ள சைக்கிளில் கட்டையின் உராயும் பகுதி 1 மில்லிமீற்றர் அளவிற்குத் தேய முன்னரே மாற்றுங்கள். தட்டில் ஒயில் படவே கூடாது.

செயின்: அடிமட்டம் ஒன்றை எடுத்து, அதன் தொடக்கத்தைச் செயினின் ஓர் ஆணியின் நடுவில் வையுங்கள். புதிய செயினில் அங்கிருந்து எண்ணிவரும் 24 ஆவது ஆணியின் நடு சரியாக 12 அங்குலத்தில் இருக்கும். அது 1/16 அங்குலம் தள்ளி இருந்தால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் தள்ளி இருந்தால் பற்சக்கரமும் தேய்ந்திருக்கும், செலவு கூடும். மணலைத் துடைத்த பின்னரே ஒயில் இடுங்கள். மணலும் ஒயிலும் சேர்ந்தால் அரம்போல் அராவும்.

பற்றரியும் எமது குடிசையும்

இப்பாடத்தில் மிக முக்கியமான பகுதி இதுவே. கிடுகுக் கூரையின் கீழும் தறப்பாளின் கீழும் வாழும் குடும்பங்கள் இதனை இரு தடவை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

பற்றரியில் இரண்டு வகை உண்டு. பாரமான ஈயப் பற்றரியை ஓடி முடிந்ததும் அன்றே முழுமையாகச் சார்ஜ் செய்ய வேண்டும்; வெறுமையாக விட்டால் விரைவில் பழுதாகும். இலேசான லித்தியம் பற்றரி இதற்கு மாறானது. பல நாட்கள் பாவிக்காமல் வைப்பதானால் அதனைப் பாதியளவு சார்ஜில் வைப்பதே நல்லது. உங்களுடையது எந்த வகை என்று வாங்கும்போதே கேட்டறியுங்கள்.

ஒரு வகையின் சார்ஜரை மற்ற வகைக்கு ஒருபோதும் பொருத்த வேண்டாம். பிளக் பொருந்துகிறது என்பதால் சார்ஜர் பொருந்துகிறது என்று எண்ணக் கூடாது. 48 வோல்ற் சார்ஜரை 36 வோல்ற் லித்தியம் பற்றரிக்குப் போடுவது தீயை அழைப்பதாகும்.

லித்தியம் பற்றரியை எங்கே, எப்போது சார்ஜ் செய்வது? பகலில், வீட்டிலுள்ளவர்கள் விழித்திருக்கும்போது, கிடுகு, வைக்கோல், சாக்கு, மண்ணெண்ணெய் ஆகியவற்றுக்குத் தூரமாக, நிழலான சீமெந்து நிலத்தில் அல்லது வெறும் மண்ணில் வைத்துச் சார்ஜ் செய்யுங்கள். படுக்கும் அறையிலும் வாசலிலும் வேண்டாம். வாசலில் தீப்பற்றினால் உள்ளே இருப்பவர் வெளியே வர வழியில்லை. வெயிலில் ஓடிவந்த பற்றரியை ஆறவிட்டே சார்ஜரில் போடுங்கள்.

பற்றரி வீங்கியிருந்தால், வழமைக்கு மாறாகச் சுட்டால், மணம் வந்தால், அல்லது விழுந்து நசுங்கியிருந்தால் அதனை மீண்டும் சார்ஜ் செய்ய வேண்டாம். வீட்டிற்கு வெளியே தள்ளி வைத்து, விற்ற கடைக்கு அறிவியுங்கள். உடைத்துப் பார்க்கவோ, பெட்டியைத் திறந்து வயர் மாற்றவோ முயல வேண்டாம். புகையோ சீறும் ஒலியோ வந்தால் முதலில் எல்லோரையும் வெளியேற்றுங்கள். அந்தப் புகை நச்சுத்தன்மையுடையது. சாமான்களை எடுக்க உள்ளே திரும்பிப் போக வேண்டாம். அணைந்ததாகத் தோன்றும் பற்றரி மீண்டும் பற்றக்கூடும்.

மழைக்காலத்தில்

வடகீழ்ப் பருவமழை தொடங்கு முன்னர் வயர் இணைப்புகளையும் றப்பர் மூடிகளையும் பாருங்கள். எலி கடித்த வயரை உடன் மாற்றுங்கள். சைக்கிளை ஈரத்துணியால் துடையுங்கள். குழாய்த் தண்ணீரை மோட்டரிலும் பற்றரியிலும் பீய்ச்ச வேண்டாம். மதகுக்கு மேலால் பாயும் வெள்ளத்தில் இறக்க வேண்டாம். றிம் நனைந்தால் பிறேக் பிடிக்கத் தாமதமாகும். முன்னரே மெதுவாகப் பிடித்து றிம்மைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

பலர் பாவிக்கும் சைக்கிள்

ஒரு சைக்கிளை இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து பாவிப்பது நல்ல வழக்கம். ஆனால் எல்லோருக்கும் உரிய சைக்கிளை எவரும் பார்ப்பதில்லை என்ற நிலை வரக்கூடாது. ஒரு சிறு கொப்பியைச் சைக்கிளோடு வையுங்கள். கொண்டு போனவர், ஏற்றிய சுமை, கண்ட பழுது, சார்ஜ் செய்த நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். பழுதை எழுதுபவர் குற்றவாளி அல்ல. அடுத்து ஏறப்போகிறவரைக் காப்பவர். பிறேக்கில் பழுது என்று எழுதப்பட்டிருந்தால், அது திருத்தப்படும்வரை சைக்கிள் வெளியே போகக்கூடாது என்று எல்லோருமாகத் தீர்மானியுங்கள். அன்றைய சந்தை தவறினால் மறு சந்தைக்குப் போகலாம்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது குடியிருப்பில் பற்றரியைச் சார்ஜ் செய்யப் பாதுகாப்பான பொது இடம் எது? பகலில் அதனை யார் கவனிப்பார்?

2. நாம் வழமையாக ஏற்றும் சுமை எத்தனை கிலோ? எமது கரியர் அதனைத் தாங்குமா?

3. வாரப் பரிசோதனைக்கு எந்த நாளைத் தெரிவு செய்வோம்? எமது இளைஞர்களிலும் பெண்களிலும் இருவர் சைக்கிள் கடையில் கம்பி இறுக்கவும் பிறேக் பூட்டவும் பழக முடியுமா?