ஐந்து வாரமா, ஏழு மாதமா?

கேள்வி: திருநெல்வேலியில் பி.இ. மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். பாடப் புத்தகத்தை வாசித்தால் புரிகிறது. வைவாவில்தான் வார்த்தை வரமாட்டேன் என்கிறது. ஒரு பயிற்சி மையத்தில் கோடை விடுமுறையில் தினமும் நான்கு மணி நேரம், வாரம் ஆறு நாள் என்று ஐந்து வாரம் நடத்துகிறார்கள். அங்கேயே வாரம் இரண்டு மாலை, இரண்டிரண்டு மணி நேரமாக ஏழு மாத வகுப்பும் உண்டு. இரண்டும் 120 மணி நேரம், கட்டணமும் ஒன்றே. எதில் சேரலாம்?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கோடை வகுப்பே நல்லது. 'விட்டுவிட்டுப் படித்தால்தான் மனதில் தங்கும்' என்பார்கள். பொய்யில்லை, 1885-லேயே ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து எழுதிவைத்த விஷயம் அது. ஆனால் அவர் மனப்பாடம் செய்தது பொருளற்ற அசைகளை. பேச்சு நீச்சல் மாதிரி. வாரம் இரண்டு தடவை மட்டும் கிணற்றில் இறங்கினால், ஒவ்வொரு தடவையும் பயம் தெளியவே பாதி நேரம் போய்விடும்.

பார்சிலோனா பல்கலைக்கழகத்தின் செரானோ, முன்யோஸ் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் எல்லோருக்கும் ஒரே 110 மணி நேர ஆங்கிலம். சிலர் அதை ஏழு மாதமாகவும், சிலர் மூன்று நான்கு மாதமாகவும், சிலர் ஐந்து வாரத்துக்குள்ளும் படித்தார்கள். நெருக்கிப் படித்தவர்களே கூடுதலாக முன்னேறினார்கள். பிறகு செரானோ செய்த ஆய்வில், இடைநிலையில் இருப்பவர்களுக்கே இந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது. அங்கேயும் வகுப்பை விட்டு வெளியே வந்தால் காதில் ஆங்கிலம் விழாது. நம் ஊர் மாதிரிதான்.

நீங்கள் அந்த இடைநிலையா? நேற்று என்ன செய்தீர்கள் என்று இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசி, போனில் பதிவு செய்து கேளுங்கள். 'ஐ டிட் நாட் வென்ட்' என்று வந்திருந்து, கேட்டவுடன் நீங்களே திருத்திக்கொண்டால், இலக்கணம் தலையில் இருக்கிறது, நாக்குக்கு இறங்கவில்லை என்று அர்த்தம். தயங்காமல் கோடையில் சேருங்கள். தவறு எது என்றே பிடிபடவில்லையா? ஏழு மாத வகுப்புக்குப் போங்கள். நேற்றைய குழப்பம் தெளியுமுன் இன்றைய பாடம் வந்து விழுந்தால் தாங்காது.

ஒரு விஷயம். கேம்பிரிட்ஜ் ஆங்கிலத் தேர்வு அமைப்பின் கணக்குப்படி, மொழித்திறன் படிகளில் ஏ2 நிலையிலிருந்து அடுத்த படியான பி1-க்கு ஏற ஏறக்குறைய 200 மணி நேரம் வேண்டும். கோடை முடியும்போது நீங்கள் பாதிப் படியைத் தாண்டியிருப்பீர்கள், அவ்வளவுதான். கல்லூரி திறந்ததும் மீதியை நீங்களே ஏற வேண்டும். ஹாஸ்டலிலிருந்து மெஸ்ஸுக்குப் போகிற வழியில், உங்களைப் போலவே தடுமாறும் ஒரு நண்பரோடு தினமும் பத்து நிமிடம் ஆங்கிலத்திலேயே பேசுங்கள். இல்லாவிட்டால் தீபாவளிக்குள் வாய் பழையபடி பூட்டிக்கொள்ளும்.

பணம் கட்டுமுன் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். முப்பது பேர் இருந்தால், நான்கு மணி நேரமும் ஒவ்வொருவராக மாணவர்களே பேசினாலும் தலைக்கு எட்டு நிமிடம்தான். ஆசிரியர் இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துப் பேசவிடுகிறாரா, போர்டு நிறைய டென்ஸ் எழுதிப்போடுகிறாரா என்று கவனியுங்கள். எழுதிப்போடுகிறவர் என்றால் ஐந்து வாரமும் வேண்டாம், ஏழு மாதமும் வேண்டாம். வேறு மையம் பாருங்கள்.